தாலி ஏறவில்லை, ஆனால் நான் திருமணமானவளா?

சிங்கப்பூரின் ஈசூனில் பெற்றோருடன் வசிக்கும் 29 வயதுத் தாதி ஒருவர் எழுதிய கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் சிராங்கூன் சாலை உணவகம் ஒன்றின் மாடியில் அவருக்கும் மூன்றாண்டுகளாகப் பழகிய நண்பருக்கும் ஆர்ஓஎம், அதாவது பதிவுத் திருமணம், நடந்தது. உறவினர்கள் கூடியிருந்தார்கள். இருவரும் உறுதிமொழி சொல்லி, மோதிரம் மாற்றி, கையெழுத்துப் போட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தை மாதம் கோயிலில் தாலி கட்டிய பிறகுதான் சேர்ந்து வாழ்வது என்று இரு குடும்பமும் பேசி வைத்திருந்தன. தை, ஆவணிக்குத் தள்ளிப்போனது. தெங்காவில் கிடைத்த பிடிஓ வீட்டின், அதாவது அரசு கட்டித் தரும் புதிய வீட்டின், சாவி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள். ஆவணியும் போய்விட்டது. ஐந்து மாதமாக மாப்பிள்ளை போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்துவிட்டுப் பதில் போடுவதும் இல்லை.

வாசகி எழுதுகிறார்: “தாலி ஏறாத கழுத்து, நீ இன்னும் கல்யாணமாகாத பெண்தான் என்று அப்பா சொல்கிறார். சான்றிதழில் ‘சாலம்னைஸ்டு’ என்றுதானே போட்டிருக்கிறது, அது சும்மா சடங்கு நடந்தது என்று அர்த்தம், பதிவகத்துக்குப் போய் ரத்து செய்துவிடலாம் என்கிறார் அத்தை மகன். திருச்சியில் ஒரு வரன் பார்த்து, தையிலேயே முடித்துவிடலாம் என்று பேச்சு நடக்கிறது. அந்த வீட்டாரிடம் ஆர்ஓஎம் பற்றிச் சொல்லவில்லை. எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. நான் திருமணமானவளா, இல்லையா? இதிலிருந்து வெளியே வர வழி உண்டா?”

அன்புள்ள வாசகி,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் திருமணமானவர். ஐப்பசியில் அந்த மாடியில் கையெழுத்திட்ட நாளிலிருந்து சிங்கப்பூர்ச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஒருவருடைய மனைவி. தாலி, முகூர்த்தம், சேர்ந்து வாழ்வது எதுவும் இதை மாற்றாது. இதைப் படிக்கும்போது உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். ஆனால் திருச்சிப் பேச்சு தொடர்வதற்குள் இது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். வெளியே வர வழி உண்டா என்றால், உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்த ஒரு சொல்

உங்கள் அத்தை மகன் சொன்னதில் பாதி சரி. ஆங்கில அகராதியில் ‘சாலம்னைஸ்’ என்பதற்கு முறைப்படி, சடங்கோடு ஒன்றை நடத்துவது என்றுதான் பொருள் இருக்கும். ஆனால் சட்டத்தில் வரும்போது அதன் எடையே வேறு. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்களுக்கு இங்கே பொருந்துவது மாதர் சாசனம் என்ற சட்டம். அதன்படி, பதிவாளரோ, உரிமம் பெற்ற ஒருவரோ, செல்லுபடியாகும் திருமண உரிமத்தின் பேரில் ‘சாலம்னைஸ்’ செய்யாத திருமணம் செல்லாது. 1967 ஜூன் 2-க்குப் பிறகு சிங்கப்பூரில் நடந்த ஒவ்வொரு திருமணத்துக்கும் இந்த விதி உண்டு. அதாவது திருமணத்தை உண்டாக்குவதே அந்தச் செயல்தான். உரிமம் பெற்றவர் முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகள் பார்த்திருக்க, ‘இவரைக் கணவராக ஏற்கிறேன்’, ‘இவரை மனைவியாக ஏற்கிறேன்’ என்று நீங்கள் இருவரும் மனமொப்பிச் சொன்னீர்களே, அந்த நிமிடத்தில் திருமணம் முடிந்துவிட்டது.

நாம் எல்லாரும் ‘ரிஜிஸ்டர் பண்ணியாச்சு’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் அது ஏதோ அலுவலகத்துக் காகித வேலை, உண்மையான கல்யாணம் பின்னால் வருகிறது என்ற எண்ணம் ஊறிவிட்டது. சட்டம் இதை நேர்மாறாகப் பார்க்கிறது. பதிவு என்பது நடந்ததைக் குறித்து வைப்பதுதான். பதிவு செய்ததாலேயே செல்லாத திருமணம் செல்லுபடியாகிவிடாது, பதிவு செய்யாததாலேயே செல்லுபடியாகும் திருமணம் கெட்டுப்போகவும் செய்யாது என்று சாசனமே சொல்கிறது. எனவே சான்றிதழில் இருக்கும் அந்தச் சொல் உங்கள் திருமணத்தைச் சிறியதாக்கவில்லை. நடந்தது முழுத் திருமணம் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

உங்கள் அப்பா மீது வருத்தப்படாதீர்கள். அவர் மனதில் இருப்பது ஊர் வழக்கம். தமிழ்நாட்டில் சடங்குக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் வழக்கமான சடங்குகளோடு நடக்கும் திருமணத்தை ஏற்கிறது. 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது வந்த திருத்தம் சுயமரியாதைத் திருமணத்துக்கும் அந்த மதிப்பைக் கொடுத்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ அங்கே போதும். அந்த மண்ணில் வளர்ந்தவருக்குத் தாலிதான் திருமணம் என்று தோன்றுவது இயல்பு. இங்கேயும் 1961 செப்டம்பர் 15-இல் மாதர் சாசனம் நடப்புக்கு வரும்வரை அவரவர் வழக்கப்படி நடந்த திருமணங்கள் செல்லுபடியாகிக்கொண்டிருந்தன, ஒருவர் பல தாரம் வைத்துக்கொள்ளவும் முடிந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கி, பெண்களுக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு ஆதாரம் கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு வந்தது. அது இன்று உங்களைக் கட்டிப்போட்டது போலத் தெரிந்தாலும், கோயிலில் மட்டும் தாலி கட்டிக்கொண்டு பிறகு கைவிடப்பட்ட பெண்ணைவிட உங்கள் நிலை எவ்வளவோ பலமானது. அப்படிப்பட்டவர் மனைவி என்று ஜீவனாம்சம் கேட்கவே வழியில்லாமல் நிற்பார்.

பதிவகத்தில் ரத்து செய்ய முடியுமா?

முடியாது. அத்தை மகன் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். திருமணத்துக்கு முன்னால் பதிவகத்துக்குக் கொடுக்கும் திருமண அறிவிப்பு இருக்கிறதே, அதோடு நின்றுவிட்டால் கட்டு எதுவும் இல்லை. குறித்த காலத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது தானாகக் காலாவதியாகிவிடும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். திருமணம் நடந்த பிறகு அதை முடித்துவைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டும்தான் உண்டு. நீங்கள் இருவரும் பதிவகத்துக்கு ஒன்றாகப் போய்க் கேட்டாலும் அவர்களால் ஒன்றும் செய்ய இயலாது.

திருச்சி வரன்: இன்றே நிறுத்துங்கள்

இதை அழுத்தியே சொல்கிறேன். முதல் திருமணம் சட்டப்படி முடிவதற்குள் நீங்கள் செய்யும் இன்னொரு திருமணம், சிங்கப்பூரில் நடந்தாலும் வெளிநாட்டில் நடந்தாலும், செல்லாது. அதோடு முடிந்துவிடவும் இல்லை. அது குற்றம். தண்டனைச் சட்டத்தில் அதற்கு ஏழாண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. இந்தியச் சட்டமும் இந்த விஷயத்தில் உங்களுக்குக் கைகொடுக்காது. திருமண நேரத்தில் இருவருக்கும் உயிரோடிருக்கும் கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது என்பது அங்கேயும் முதல் நிபந்தனை.

சட்டத்தை விடுங்கள், அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். அவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் பழைய சான்றிதழ் எப்படியும் வெளியே வரும். அவருக்கும் அவர் வீட்டாருக்கும் எந்தத் தவறும் செய்யாமலேயே அவமானம். “வீட்டில் ஒரு விஷயம் முடிய வேண்டியிருக்கிறது, இப்போதைக்குப் பேச்சை நிறுத்திக்கொள்வோம்” என்று உங்கள் அப்பாவே அவர்களிடம் போனில் சொன்னால் போதும். காரணம் முழுவதையும் இப்போது விளக்க வேண்டியதில்லை. ஆனால் தையில் முகூர்த்தம் என்ற எண்ணத்தில் அவர்களை ஒரு நாள்கூடக் காத்திருக்க வைக்காதீர்கள்.

வெளியே வரும் வழிகள்

விவாகரத்து என்றால், திருமண நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் முடியாமல் வழக்குத் தொடுக்க முடியாது. மிதமிஞ்சிய துன்பம் போன்ற விதிவிலக்கான காரணம் இருந்தால் மட்டும் முன்கூட்டியே நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம். போன் எடுக்காதது அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல், இருவரும் ஒப்புக்கொண்டு, ஒருவர் மீது ஒருவர் பழி போடாமல் விவாகரத்து பெறும் வழி வந்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் மூன்றாண்டு விதி அதற்கும் உண்டு. உங்கள் கணக்கில் இன்னும் ஏறக்குறைய 22 மாதம் காத்திருக்க வேண்டும்.

உங்கள் நிலைக்கு நெருக்கமானது இன்னொரு வழி: திருமணத்தையே நீக்கும்படி நீதிமன்றத்தில் கேட்பது. இதற்கு அந்த மூன்றாண்டுக் காத்திருப்பு இல்லை. இதற்கான காரணங்களில் ஒன்று, மறுதரப்பு வேண்டுமென்றே தாம்பத்திய உறவுக்கு மறுத்ததால் திருமணம் நிறைவு பெறவில்லை என்பது. ‘அவர் சடங்கைத்தானே தள்ளிப்போடுகிறார், இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்’ என்று நீங்கள் கேட்கலாம். 1993-இல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு உங்கள் கதைக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே ஒரு சீனத் தம்பதி பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சீன வழக்கப்படி சடங்கு நடந்த பிறகே சேர்ந்து வாழ்வது என்று முன்பே பேசியிருந்தார்கள். பிறகு ஒருவர் சடங்குக்கு வர மறுத்தார். அப்படி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வதில் தவறில்லை, அதை மதிக்க மறுப்பது தாம்பத்தியத்துக்கே மறுப்பதாகும் என்று நீதிமன்றம் ஏற்றுத் திருமணத்தை நீக்கியது. நம் தாலி கட்டும் சடங்குக்கும் இந்த நியாயம் அப்படியே பொருந்தும்.

ஆனால் இதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, ‘நாங்கள் சேர்ந்து வாழவே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீதிமன்றம் கேட்பது அதுவல்ல. ஆர்ஓஎம்முக்குப் பிறகு ஒருமுறையாவது உங்களுக்குள் உறவு நடந்திருந்தால் இந்தக் காரணம் நிற்காது. தனித்தனி வீட்டில் இருந்தாலும், இடையில் ஒரு பாத்தாம் பயணம் போயிருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லவும் வேண்டாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர் உங்கள் கணவர். ஆனால் உங்கள் வழக்கறிஞரிடம் உள்ளபடி சொல்லுங்கள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திராத நேரத்தில். சத்தியப் பிரமாணத்தில் பொய் சொன்னால் அது வேறு குற்றமாகிவிடும். திருமணத்துக்கு முன்னால் நடந்தது எதுவும் இந்தக் கணக்கில் வராது.

இரண்டாவது, மறுப்பு அவருடையதாக இருக்க வேண்டும். இருவரும் சேர்ந்தே ‘வீடு வரட்டும்’ என்று தள்ளிப்போட்டிருந்தால் அது யாருடைய மறுப்பும் ஆகாது. நியாயமான காரணம் எதுவும் இல்லாமல், இனி வேண்டாம் என்று அவர் முடிவாக இருக்கிறார் என்பதைக் காட்ட வேண்டும். அதனால்தான் நீங்கள் அனுப்பிப் பதில் வராத அந்த வாட்ஸ்அப் செய்திகள் முக்கியம். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பண ரசீது, ஐயர் குறித்துக் கொடுத்த முகூர்த்தச் சீட்டு, அச்சடிக்கக் கொடுத்த பத்திரிகையின் மாதிரி, தாலிக்குத் தங்கம் எடுத்த பில் என்று கையில் இருப்பதையெல்லாம் ஓர் உறையில் போட்டுத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். தை என்று பேசியதும், பிறகு ஆவணி என்று மாற்றியதும் எழுத்தில் எங்காவது இருக்கும். அதைத் தேடி எடுங்கள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. வழக்குக்கு முன்னால், ‘இன்ன தேதிக்குள் சடங்கை நடத்த வாருங்கள்’ என்று அவருக்கு எழுத்தில் ஒரு வாய்ப்புக் கொடுக்கும்படி பெரும்பாலான வழக்கறிஞர்கள் சொல்வார்கள், நானும் அதையே சொல்வேன். அதற்கு அவர் “சரி, தையில் வைத்துக்கொள்வோம்” என்று பதில் போட்டால் என்ன செய்வீர்கள்? அப்போது நீங்கள் மறுத்தால், மறுத்தவர் நீங்களாகிவிடுவீர்கள், இந்தக் கதவு உங்களுக்கு மூடிவிடும். ஆகவே அந்தக் கடிதம் பொய்க் கடிதமாக இருக்கக் கூடாது. அவர் திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ள இன்னும் மனம் இருக்கிறதா என்று முதலில் உங்களையே கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவர் மீது கோபத்தைவிடக் குழப்பமே அதிகம் தெரிகிறது. ஐந்து மாத மௌனத்துக்குப் பின்னால் வேலை போனது, கடன், வீட்டில் ஏதோ சண்டை என்று உங்களுக்குத் தெரியாதது ஏதாவது இருக்கலாம். இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதுவரை பேசியதெல்லாம் அவருடைய அம்மாவும் உங்கள் அப்பாவும்தான். இரு வீட்டுக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை வைத்து, நீங்களும் அவரும் நேருக்கு நேர் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். குடும்பத்துக்கு வெளியே ஆள் வேண்டுமென்றால் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவைப் பிரிவை அணுகலாம்.

இருவருக்கும் வேண்டாம் என்று தெளிவானால் அவர் வழக்கை எதிர்க்காமல் விடலாம், அது வேலையைச் சுலபமாக்கும். ஆனால் இருவரும் கூடிப் பேசி ஒரு கதை கட்டி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. நீதிபதி நம்பாவிட்டால் மனு தள்ளுபடியாகும். அப்புறம், தீர்ப்பு இரண்டு கட்டமாக வரும். முதலில் இடைக்காலத் தீர்ப்பு, பிறகு குறைந்தது மூன்று மாதம் கழித்து இறுதித் தீர்ப்பு. இறுதித் தீர்ப்பு கைக்கு வரும்வரை நீங்கள் மனைவிதான். ‘நீக்கியாச்சு’ என்று நடுவிலேயே யாரும் வரன் பார்க்கக் கிளம்பிவிட வேண்டாம்.

வீடும் சேமநிதியும்

வீட்டைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தீர்கள், குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாயிற்று என்று. அதற்குப் பிறகு வீட்டைத் திருப்பிக் கொடுத்தால் பொதுவாக வீட்டு விலையில் 5 விழுக்காட்டை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) எடுத்துக்கொள்ளும். 4 லட்சம் வெள்ளி வீடென்றால் 20,000 வெள்ளி. மறுபடி விண்ணப்பிக்க ஓராண்டு காத்திருக்கவும் வேண்டும். திருமணம் நீங்கினால் தம்பதி என்ற தகுதியும் போய்விடும் என்பதால், பெரும்பாலும் வீட்டை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். வழக்குப் போடுவதற்கு முன்பே வீவக கிளைக்குப் போய் உங்கள் நிலைமையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் பெரிதுதான். அதற்காக வேண்டாத வாழ்க்கையில் இருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்தத் தொகையை இருவரும் எப்படிப் பகிர்வது என்பதை வழக்கிலேயே பேசித் தீர்க்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மத்திய சேமநிதிக்கு அம்மாவை வாரிசாக நியமித்திருந்தீர்களா? திருமணம் நடந்த அன்றே அந்த நியமனம் தானாக ரத்தாகிவிட்டது. உயில் எழுதியிருந்தால் பொதுவாக அதற்கும் இதே கதி. நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், பிள்ளைகள் இல்லாத நிலையில், உங்கள் சேமநிதியில் பாதி போன் எடுக்காத அந்தக் கணவருக்கும் மறுபாதி உங்கள் பெற்றோருக்கும் போகும். இதை மாற்ற வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு மூலம் இணையத்திலேயே புதிய நியமனம் செய்யலாம், இரண்டு சாட்சிகள் வேண்டும். யாரை நியமிப்பது என்பது முழுக்க உங்கள் விருப்பம், கணவரைத்தான் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

வழக்குச் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருந்தால் சட்ட உதவிப் பிரிவு உதவும். வரம்புக்கு மேல் இருந்தாலும், சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனை நேரங்களில் ஒரு வழக்கறிஞரிடம் முதல் பேச்சைப் பேசிவிடலாம். போகும்போது திருமணச் சான்றிதழ், வீவக ஒப்பந்தம், நான் சொன்ன அந்த உறை மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. ஆர்ஓஎம்தான் திருமணம் என்பதை மகள் வாயால் கேட்பதைவிட, எதிரே உட்கார்ந்திருக்கும் வழக்கறிஞர் சொல்லிக் கேட்டால் அவருக்கு ஏற்றுக்கொள்ள எளிதாக இருக்கும். உங்கள் அந்தரங்க விஷயம் வரும்போது மட்டும் அவரைச் சற்று வெளியே உட்காரச் சொல்லுங்கள்.